படத்தோடு போன விலாசம்

தங்கை தைக்கும் துணிப்பைகளுக்கு அக்காதான் இணையக் கடை கட்டிக் கொடுத்திருந்தாள். அடித்து நொறுக்கும் கணவனிடமிருந்து தப்பி, தங்கை ஒரு மாடி அறையில் ஒளிந்திருந்தாள். அந்த இடம் அக்காவைத் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

அன்று மத்தியானம் அவன் அக்காவுக்குப் போன் செய்தான்.

"இணையத்துல விக்கிற பை உன் தங்கச்சி தச்சதுதானே? அந்தத் தையல் எனக்குத் தெரியாதா? அவ எங்க இருக்கான்னு நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே கண்டுபிடிச்சுக்கிறேன்."

அக்கா உடனே கம்ப்யூட்டரைத் திறந்தாள். கடையிலிருந்து ஒரு படத்தை இறக்கி அதற்குள் பதிந்திருந்த விவரங்களைப் பார்த்தாள். படம் எடுத்த இடமும் அதில் இருந்தது. வரைபடத்தில் போட்டால், தங்கையின் மாடிமேல் சிவப்புப் புள்ளி!

எல்லாம் அக்கா செய்த வேலை. படங்களைச் சர்வரில் சிறிதாக்க அவள் எடுத்துப் போட்டிருந்த ஆயத்த நிரல் நூலகம், செல்போன் பதிக்கும் விவரங்களைத் தானாகவே தூக்கி எறிந்துவிடும். எந்தப் பக்கம் மேலே என்ற குறிப்பும் அதோடு போய்விட, பைகளெல்லாம் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. "என்னக்கா, என் பையெல்லாம் படுத்துத் தூங்குது?" என்று தங்கை கிண்டல் செய்தாள். முதலில் படத்தை நிமிர்த்திவிட்டு, பிறகு விவரங்களை எறிவதுதான் முறை. இந்தச் சோம்பேறி அக்காவோ எல்லா விவரத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளும்படி ஒரு வரி எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். பைகள் நிமிர்ந்தன, விலாசமும் உள்ளே உட்கார்ந்துகொண்டது.

இடம் தெரிந்திருந்தால் அவன் வெறுமனே மிரட்டிக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் அவனும் கம்ப்யூட்டர்காரன், சீக்கிரமே பார்த்துவிடுவான்.

அந்த வரியை அழித்தாள். பிறகு யோசித்தாள். வெறுமையாக விட்டால் வேறு வழியில் தேடுவான், எப்போது எங்கே வருவான் என்று யாருக்குத் தெரியும்? அதே நூலகத்தை வைத்து எல்லாப் படங்களிலும் தன் சொந்த வீட்டின் இடத்தைப் பதித்தாள். பழைய படத்தை அவன் அதற்குள் எடுத்திருந்தால் எல்லாம் போச்சு.

தங்கையைக் கூப்பிட்டாள். "கதவைப் பூட்டிக்கோ. யார் தட்டினாலும் திறக்காதே. போனை வைக்காதே."

"என்னக்கா ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன்டி."

சாயங்காலம்வரை போன் காதைவிட்டு இறங்கவில்லை. அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. திடீரென்று கதவை உடைப்பதுபோல் தட்டும் சத்தம். போனிலா, இங்கேயா?

"அவளை வெளிய அனுப்புடி! படத்துலேயே இந்த வீடுதான் இருக்கு!"

இங்கேதான். இவள் வாசலில்தான். அத்தனை நிம்மதியை அக்கா அனுபவித்ததே இல்லை. தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துவிட்டு, வீட்டுப் போனில் போலீசுக்குச் சொன்னாள்.

"அக்கா, யாரு அது?"

"அவன்தான். என் வீட்டுக்கு வந்திருக்கான். நீ தச்சுக்கிட்டே இரு."