எண்ணும் வாரம்

எங்கள் தெருவுக்குள்ளேயே பஸ் வந்துகொண்டிருந்தது. பெரிய சாலையிலிருந்து சரிவில் இறங்கி, மருந்துக் கடை மூலையில் ஒடித்துத் திரும்பி, எங்கள் வாசலை ஒட்டிக்கொண்டு போய், பள்ளத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மறுபடி மேலே ஏறும். திரும்பும்போது அதன் வால் மருந்துக் கடைப் பலகையைப் பெயர்த்துவிடும் என்றே புதிதாகப் பார்ப்பவர்கள் பயப்படுவார்கள். ஒரு தடவைகூட உரசியதில்லை. ஓட்டியது என் அப்பா.

குட்டையான, பழைய பஸ். கதவு ஒரு சொல்லுக்கு மூடாது. அம்மா அதைத் தன் மூத்த சக்களத்தி என்பாள். குழம்பில் உப்பில்லாவிட்டால் அப்பாவுக்குத் தெரியாது, பஸ்ஸில் ஒரு ஆணி தளர்ந்தால் தூக்கம் பிடிக்காது என்று வருபவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டு அத்தைக்கு. எழுதி ஒட்டவில்லை, ஆனால் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. தொடை வரைக்கும் இரும்புப் பட்டை போட்டிருப்பாள். சமதரையில் எங்கேயும் போய்விடுவாள், ஏற்றம்தான் ஆகாது. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் கிழிந்த விரிப்புகளையும் வெள்ளைக் கோட்டுகளையும் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. வாசலில் பஸ் ஏறினால் மருத்துவமனை வாசலில் இறக்கம். தன் சம்பளம், தன் கத்தரிக்கோல், தன் சீட்டு என்று யாருக்கும் கடன்படாமல் இருந்தாள்.

வழி முழுக்க அப்பாவின் பிடரியைப் பார்த்துப் பேசிக்கொண்டே போவாள். ஓட்டுநரிடம் பேசாதீர் என்று அவள் தலைக்கு மேலேயே எழுதியிருக்கும். யாராவது அதைக் காட்டினால், "டிரைவர்கிட்டதானே பேசக் கூடாது? நான் எங்க அண்ணன்கிட்ட பேசறேன்" என்பாள்.

தெருவில் பாதி வேலை அந்த பஸ்ஸில்தான் நடக்கும். மருந்துக் கடைக்காரர் மாத்திரைப் பொட்டலத்தைப் பெயர் சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிடுவார். மறந்து போன வீட்டுச் சாவி பஸ்ஸில் ஏறி உரியவரிடம் போய்ச் சேரும். சின்னப் பிள்ளைகளை அத்தை பக்கத்தில் உட்கார்த்திவிட்டு அம்மாக்கள் நிம்மதியாகத் திரும்புவார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்ட செய்தியும் அதில்தான் பரவியது. அதனால் வெகுநாள் நான் அதில் ஏறவில்லை. ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு சரி.

அந்த வருடம் பஸ் நிர்வாகம் எல்லா வழித்தடங்களையும் எண்ணிப் பார்க்கப் போகிறது என்று பேச்சு வந்தது. கதவுக்கு மேலே பல்லிக் கண்போல ஒரு கறுப்புக் கண்ணைப் பொருத்தினார்கள். ஏறுகிறவரை அது எண்ணும். ஒரு வாரம் எண்ணி, அதை வைத்து வருடக் கணக்கை முடித்து, எந்தத் தடத்துக்கு என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள்.

அப்பா தெருவைக் கூட்டினார். கூட்டம் என்றால் தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு மாலை, நின்றபடி. அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று பேசினார். ஆள் குறைந்தால் தடத்தை எடுத்துவிடுவார்கள், எல்லாரும் அந்த வாரம் ஏற வேண்டும், வேலை இருக்கிறதோ இல்லையோ ஏற வேண்டும் என்றார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்கு ரேடியோ என்று பெயர், சொன்னதை ஊருக்கே ஒலிபரப்புவதால். அவள், ஏறி எங்கே போவது என்று கேட்டாள்.

அத்தைதான் பதில் சொன்னாள். "போயிட்டுத் திரும்பி வா. உன்னைக் காணோம்னு உன் வீட்டுக்காரர் ஒரு வேளையாவது தேடட்டும்."

தெரு சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் அத்தையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தொட்டியைப் பார்த்துச் சிரித்தார். அது எனக்கு அப்போது ஒரு விஷயமாகப் படவில்லை.

இன்னொன்றும் படவில்லை. அதற்குச் சில நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பாவும் கண்ணாடி போட்ட ஒருவரும் மருந்துக் கடை மூலையில் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்பா வந்ததும் என்னவென்று அம்மா கேட்டாள். சாக்கடை மூடி மாற்றப் போகிறார்களாம் என்றார்.

எண்ணும் வாரம் எங்கள் தெருவுக்குத் திருவிழா மாதிரிப் போனது. வீட்டை விட்டு வராதவர்களெல்லாம் வந்தார்கள். நானும் ஏறினேன். அத்தை தன் வேலைக்குப் போய் வந்ததோடு நிற்கவில்லை. வந்ததும் கூடத்தில் காலை நீட்டி உட்காராமல், அடுத்த நடைக்கும் ஏறினாள். ஏறி, மருத்துவமனை வரை போய், இறங்கி, மறுபடி ஏறி வருவாள். ஒவ்வொரு தடவையும் கதவில் நின்று அந்தக் கறுப்புக் கண்ணை நிமிர்ந்து பார்ப்பாள். "நல்லா பாத்துக்கோ. ரெண்டு காலையும் எண்ணாதே, ஒண்ணரைதான்" என்பாள். பின்னால் ஏறுகிறவர்கள் சிரிப்பார்கள். வாரக் கடைசியில் பட்டை அழுத்தின இடத்தில் தோல் வழண்டு போயிருந்தது. அம்மா எண்ணெய் தடவிவிட்டாள்.

"உங்க அண்ணன் பஸ்ஸுக்கு நீங்க ஏன் நாத்தனாரே இந்தப் பாடு படறீங்க?"

"அது அவன் பஸ்ஸா அண்ணி? அது என் காலு."

அப்பா அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டார்.

வருடாந்திரக் கூட்டம் நகரமன்ற மண்டபத்தில். பஸ் நிர்வாகம் பொதுமக்களையும் அழைத்திருந்தது. எங்கள் தெருவே ஒரே பஸ்ஸில் போய் இறங்கியது. அத்தை வெளுத்துக் கஞ்சி போட்ட சேலை கட்டியிருந்தாள், ஏனென்றால் அந்த வருடத்தின் சிறந்த பயணி என்று அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். சிறந்த பயணி என்றால் தூங்கி வழியாமல் வருகிறவளா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

திரையில் படம் ஓடியது. இத்தனை பேர் பயணம் செய்தார்கள், இத்தனை பஸ் நேரத்துக்கு வந்தது, புகை இவ்வளவு குறைந்தது. கோடுகள் மேலே ஏறிக்கொண்டே போயின. எங்கள் தடம் வந்தபோது கோடு திரையை விட்டே வெளியே போய்விடும்போல் இருந்தது. நாங்கள் கை தட்டினோம். கண்ணாடி போட்டவர் மேடையில் ஏறினார். மூலையில் நாடா பிடித்தவர். திட்ட அதிகாரி அவர்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

மக்கள் ஆர்வத்தைப் பார்த்து நிர்வாகமே அசந்துவிட்டது என்றார் அவர். இவ்வளவு கூட்டத்துக்குக் குட்டை பஸ் போதாது, அதனால் இந்தத் தடத்துக்குப் புது நீள பஸ் தருகிறோம் என்றார். தெரு எழுந்து நின்று தட்டியது. ரேடியோ விசிலடித்தாள். அத்தையை மேடைக்கு அழைத்து ஒரு சின்ன நீள பஸ் பொம்மையைக் கையில் கொடுத்தார்கள். கண்ணாடிக்குள் வைத்தது.

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்கும்படி, கேட்டாள். "இவ்வளவு நீளம் எங்க மூலையில திரும்புமா சார்?"

அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லத் தெரியாதவர். "திரும்பாதும்மா. அதான் பெரிய சாலையோட போயிடும். உங்க தெருவுல இருந்து மேல ஏறி வந்தா நிறுத்தம், கொஞ்ச தூரம்தான். நாங்களே தயங்கினோம். உங்க அண்ணன்தான் தைரியம் குடுத்தாரு. அவரே கூட நின்னு அளந்தாரு. என் தங்கச்சியே அந்தத் தெருவுலதான் இருக்கா, அங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பேசிக்கறேன்னாரு."

பிறகு அப்பாவையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நீள பஸ்ஸை முதலில் ஓட்டப் போகிறவர் என்று மாலை போட்டார்கள். எங்கள் தெருவில் சிலர் தட்டினார்கள், சிலர் தட்டுவதா வேண்டாமா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அத்தை நேராகப் பார்க்கிறாள். அப்பா தன் செருப்பைப் பார்க்கிறார்.

திரும்பி வரும்போது அதே குட்டை பஸ், அதே முதல் சீட்டு. அத்தை அப்பாவின் பிடரியைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அப்பா இரண்டு முறை கண்ணாடியில் பார்த்தார். ரேடியோகூட வாயை மூடியிருந்தாள்.

வீட்டில் அப்பாவே ஆரம்பித்தார். நாற்காலியில் உட்காராமல், கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு. வலது தோள் வெகுநாளாக ஏறுவதில்லை, பழைய பஸ்ஸின் சக்கரத்தை ஒவ்வொரு முறை அந்த மூலையில் ஒடிக்கும்போதும் உயிர் போகிறது, உடல் தகுதிப் பரிசோதனையில் இந்தத் தடவை தேற மாட்டார், தேறாவிட்டால் பணிமனையில் பஸ் கழுவ வைத்துவிடுவார்கள் என்றார். நீள பஸ் ஒரு விரலுக்குத் திரும்பும். கூட்டம் காட்டினால்தான் நீள பஸ் வரும். எதுவுமே பொய்யில்லை. அவர் தோளைத் தேய்த்தபடி தூங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

"அதுவும் உனக்காகத்தான் குட்டி. அதுல படியே கிடையாது. பஸ்ஸே உனக்காகக் குனியும்" என்றார் அத்தையைப் பார்த்து.

அத்தை அந்தப் பொம்மையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "தோள் வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லியிருந்தா, நானே சீட்டை விட்டு எந்திரிச்சிருப்பேன் அண்ணே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"சொல்லல. என்னைக் கூட்டிக்கிட்டுப் போயி, என் காலாலயே என் வழியை அடைக்க வச்சே. ஏறு ஏறுன்ன, ஏறினேன்."

அம்மா குறுக்கே வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நாத்தனார் பக்கம். "எனக்காவது சொன்னீங்களா? சாக்கடை மூடின்னீங்க."

அப்பா தெருவைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார், பழகிவிடும் என்றோ என்னவோ. முடிக்கவில்லை. பஸ் கழுவுகிற வேலை கேவலமில்லை என்று அம்மா சொன்னது மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும்.

நீள பஸ் ஓட ஆரம்பித்த அன்று காலை அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் கிளம்பினாள். ரேடியோ தன் மகனின் ஸ்கூட்டரில் ஏறிக்கொள்ளச் சொன்னாள். மாட்டேன் என்றுவிட்டாள். மருந்துக் கடைப் படியில் ஒரு முறை உட்கார்ந்தோம். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை நின்றோம். அவள் கை என் தோளில் கல் மாதிரி இறங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்குப் போய் கத்தரிக்கோலை எடுத்துட்டு வந்துடறேன்டி. தினம் இந்த ஏத்தம் என்னால முடியாது. அவன்கிட்ட சொல்லாதே. அவனும் சொல்லாமத்தான் செஞ்சான்."

சரி என்றேன். மேலே பஸ் நின்றிருந்தது. அப்பா எங்களைப் பார்த்துவிட்டிருக்க வேண்டும், நேரம் தாண்டியும் நகரவில்லை. பின்னால் ஒரு கார் ஒலியெழுப்பிக்கொண்டே இருந்தது. நாங்கள் கதவை அடைந்ததும் பஸ் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம் போட்டு, நடைபாதையளவுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. உள்ளே எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அப்பா தன் பின்னால் இருந்த சீட்டைக் காட்டினார். அதன்மேல் தன் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

அத்தை துண்டை எடுத்து, மடித்து, அவர் பக்கத்தில் வைத்தாள். பிறகு நடந்தாள். அந்த பஸ் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கம்பி கம்பியாகப் பிடித்து, இரும்புப் பட்டையை இழுத்து, நடுவில் இருந்த காலி சீட்டுகளையெல்லாம் தாண்டி, கடைசி வரிசைக்குப் போனாள். நான் வெளியே நின்று ஒவ்வொரு ஜன்னலாக அவள் தலை போவதைப் பார்த்தேன். கால் முடியாதவர் உட்காரும் வரை டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது என்பது விதி. அப்பா கண்ணாடியில் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார். யாரோ ஒருவர் அவளுக்குக் கை கொடுக்க எழுந்தார். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மாலையில் அப்பா முகம் தெளிந்து வந்தார். வந்துட்டா பாத்தியா, பழகிக்குவா என்று அம்மாவிடம் சொன்னார். திரும்பும்போது மருத்துவமனை வாசலில் அவள் நிற்கவில்லையாம், வேறு யாரோடோ முன்னாலேயே போயிருப்பாள் என்று நினைத்தாராம். அத்தை சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் அவளுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அப்பா அதைப் பார்த்தார். அங்கே ஒரு கத்தரிக்கோல் இருப்பதாக மட்டும் பார்த்தார்.

"நாளைக்கும் நின்னு ஏத்திக்கறேன் குட்டி. லேட்டானா பரவாயில்ல."

அத்தை உரித்ததைக் கழுவினாள். அம்மாவுக்குத் தெரியும் என்று அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கும் தெரியும். அப்பா எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் காலை நான் ஜன்னலில் இருந்தேன். மேலே பெரிய சாலையில் நீள பஸ் நிற்பது கூரைகளுக்கு நடுவே கொஞ்சம் தெரியும். அது நின்றது. பின்னால் ஒலிச்சத்தம் கேட்டது. நின்றுகொண்டே இருந்தது. கூடத்தில் அத்தை காலை நீட்டி உட்கார்ந்து இரும்புப் பட்டையின் வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். ஒலிச்சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"யாருக்காக நிக்குதாம்?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

நான் ஜன்னலைச் சாத்தினேன்.