உட்காராதவரின் மகள்

பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பிற்பகல், மாவட்ட நீதிமன்றத்தின் மூன்றாம் அறையில், ஒரு பாகப்பிரிவினை வழக்கின் சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போதே பெண் சுருக்கெழுத்தர் எழுந்து நின்றார். அந்த அறையில் சுருக்கெழுத்தர் எழுவது நீதிபதி எழும்போது மட்டும்தான். எனவே வாசலில் இருந்த காவலர் விறைத்து நின்றார். வக்கீல்கள் எழுந்தார்கள். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரை அவருடைய மருமகன் தட்டி எழுப்பி நிறுத்தினான். எல்லோரும் நிற்பதைக் கண்ட நீதிபதி, நேரத்தைத் தான்தான் கவனிக்கவில்லை போலும் என்று நினைத்து, எழுந்து உள்ளே போய்விட்டார். சாட்சி மட்டும் பாதி வாக்கியத்தோடு கூண்டில் நின்றார்.

"மேடம், வெள்ளிக்கிழமை மேட்ச் இருக்கு," என்று சுருக்கெழுத்தரிடம் சொல்லிச் சிரித்தார் பெஞ்ச் கிளார்க், வழக்குக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே. "மூணு மணி வாக்குல இதே மாதிரி ஒரு தடவை எழுந்திரிச்சீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவளும் சிரித்தாள். கால் மரத்துப்போய்விட்டது என்று சொல்லிவைத்தாள். உண்மையில் மரத்துப்போகவில்லை, மரத்துப்போயிருந்தால் தேவலை என்று இருந்தது. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள்ளிருந்து யாரோ நூலை உருவுவதுபோல ஒன்று. வலி இல்லை. அரிப்பும் இல்லை, அரிப்பென்றால் சொறியலாம். எழுந்து நாலடி வைத்தால் அடங்கிவிடும், உட்கார்ந்தால் திரும்பி வரும். உட்கார்ந்திருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அவளுடைய பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. அவளுக்கு முன் அதே நாற்காலியில் இருந்த மூத்த சுருக்கெழுத்தர் நடுக்குவாதம் வந்து, ஓய்வுக்கு நாலு வருஷம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனவர். முதலில் கால் விரலில்தான் ஆரம்பித்ததாம். பிறகு அது கைக்கு ஏறியது. கடைசி மாதங்களில் அவர் எழுத்து சிறுத்துச் சிறுத்து, எறும்பு ஊர்ந்த தடம்போல ஆகி, அவராலேயே படிக்க முடியாமல் போயிற்று. இப்போது அவள் தினமும் வேலை முடிந்ததும் காலையில் எழுதிய பக்கத்தையும் மாலையில் எழுதிய பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். மாலைப் பக்கம் சிறிதாகத்தான் தெரிந்தது. பேருந்தில் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். போனில் தேடினாள். முதல் பக்கம் தண்ணீர் குடிக்கச் சொன்னது, மூன்றாம் பக்கத்தில் சாவு இருந்தது. அவள் எப்போதும் மூன்றாம் பக்கம்வரை போனாள்.

"நீ படிக்கிற ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு நாள் லீவு போட்டா, ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஆபீஸ் பக்கமே போக வேண்டாம்," என்றான் கணவன். பிறகு அவனே டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தான்.

டாக்டர் அவள் வயதுக்காரி. முட்டியைத் தட்டிப் பார்த்தார், கைகளை நீட்டச் சொன்னார், நடக்கவிட்டார். "உக்காந்தா வருது, நடந்தா போகுது, சாயங்காலம் ஆனா ஜாஸ்தி. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுவா இருக்கலாம். உயிருக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா ஆளை உக்கார விடாது. வீட்ல யாருக்காவது இருந்துதா? பாதிப் பேருக்கு மேல அப்பா அம்மாகிட்டேயிருந்துதான் வரும்."

"இல்லை," என்றாள் உடனே.

டாக்டர் பேனாவை ஒரு நொடி நிறுத்தினார். "சரி. ரத்தம் பாத்துடலாம். எதுக்கும் நரம்பு டாக்டரையும் ஒரு தடவை பாத்துடுங்க." சீட்டு எழுதிக் கொடுத்தார்.

'இருக்கலாம்' என்று சொல்லும் சாட்சியை எந்த வக்கீலும் விடுவதில்லை. இருந்ததா, இல்லையா? அந்த 'எதுக்கும்' அதைவிட மோசம். சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகாமல் அம்மாவிடம் போனாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றபடியே பேசினாள். ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக்கொண்டாள்.

"உக்காரேன்டி. உங்கப்பா மாதிரி நிக்காதே, பாக்கவே எரிச்சலா வருது."

தேய்த்துக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றது.

அப்பா இறந்து ஏழு வருஷம் ஆகிறது. மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை. நாளெல்லாம் நடந்துவிட்டு வந்தாலும் வீட்டில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஜன்னல் விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ரேடியோ கேட்பார். சினிமாவுக்குப் போனால் விளக்கு அணைந்த சிறிது நேரத்தில் அவர் இருக்கை காலியாகிவிடும். திரும்பிப் பார்த்தால், வாசல் திரைச்சீலை ஓரம் டிக்கெட் கிழிக்கிறவரோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பேருந்தில் இடம் கிடைத்த மறுநிமிஷம் யாருக்காவது கொடுத்துவிடுவார். அந்தத் தடத்தில் அவருக்கு 'தர்மப்பிரபு' என்று பெயர். அவள் சுருக்கெழுத்து கற்ற வருஷங்களில், செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே வாசிப்பார். குரல் நெருங்கி வரும், முதுகைக் காட்டிக்கொண்டு தேயும், மறுபடி வரும். "எங்க விட்டேன்?" என்பார் திரும்பும்போது. அவள் எழுதியதைப் படித்துக் காட்டினால், "பலே" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி போவார். சாட்சி சுவரைப் பார்த்து முணுமுணுத்தாலும் அவளுக்கு ஒரு சொல் தவறாது. மற்ற சுருக்கெழுத்தர்கள் இது எப்படி என்று கேட்பதுண்டு. அந்த மாலைகளில் வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு வாசனையும், தாளின் சரசரப்பும், அவருடைய காலடியும் இருந்தன. அவர் ஏன் நடந்தார் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் ஒரு கடிகாரம் ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்றா கேட்போம்?

"அம்மா, அப்பாவுக்குக் கால்ல ஏதாவது பண்ணுச்சா? சொல்லியிருக்காரா?"

டாக்டர் சொன்னதை அவள் விளக்கினாள். அம்மா ஒரு துண்டை நாலாக மடித்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

"அவருக்கு ஒரு வியாதியும் கிடையாது. கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். என் பக்கத்துல உக்காரப் பிடிக்கல, அவ்வளவுதான் விஷயம். நாப்பது வருஷம் குடித்தனம், பத்து நிமிஷம் சேந்தாப்ல உக்காந்து பேசினதில்ல. அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வச்சு எங்கிட்டயே விக்க வந்துட்டியாடி."

"இல்லம்மா, டாக்டர்கிட்ட சொல்லணும். இருந்துதுன்னா எனக்கும் இதுதான். இல்லைன்னா வேற ஏதோ."

"வேற என்ன?"

அவள் மூத்த சுருக்கெழுத்தரைப் பற்றிச் சொன்னாள். விரல்களைப் பற்றிச் சொன்னாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். முக்கால்வாசி முடிந்தது.

அம்மா தலையணை உறை ஒன்றை மடித்தாள், கோணலாக வந்தது, உதறி மறுபடி மடித்தாள்.

"இதுக்கு மாத்திரை இருக்கா?"

"இருக்கு."

"அப்பவே இருந்துச்சா?"

"தெரியலம்மா. இருந்திருக்கும்."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் முழுக்க ஓயும்வரை அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி பொறந்தப்ப எனக்கு ரத்தம் நிக்கல. பிழைக்க மாட்டேன்னுட்டாங்க. அந்த வார்டுல மத்தவளுக்கெல்லாம் புருஷன் கட்டில்கிட்ட ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தான். இந்த மனுஷன் மட்டும் வராண்டாவுல. வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு மாசம் நான் மூஞ்சி குடுத்துப் பேசல." உறையின் ஓரத்தை நகத்தால் நீவினாள். "ஆஸ்பத்திரியில எப்பக் கண்ணு முழிச்சாலும் அந்த ரப்பர் செருப்புச் சத்தம் கேக்கும். போகும், வரும். விடியற வரைக்கும் கேட்டுச்சு."

மடித்த துணிகளை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லு," என்றாள். "இருந்துச்சுன்னு சொல்லு."

ரத்தப் பரிசோதனை முடிவு வியாழக்கிழமை வந்தது. இரும்புச்சத்து குறைவாக இருந்தது. அப்பாவுக்கும் இருந்தது என்று அவள் சொன்னதும், டாக்டர் மூன்று மாதத்துக்கு இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து, நரம்பு டாக்டருக்கான சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.