அந்திமந்தாரை மன்றத்தின் புகார் நோட்டு

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடைத் தூணில் அந்த நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள். ‘பராமரிப்பில் அனுபவம் உள்ளவர் தேவை. மாலை நான்கு முதல் ஆறரை வரை.’ கீழே ஒரு போன் நம்பர். எதைப் பராமரிக்க என்று போடவில்லை. முப்பத்து நாலு வருஷம் பஸ் டிப்போவில் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேனாக இருந்தவனுக்கு அதைக் கேட்கவும் தோன்றவில்லை.

கறம்பக்குடி ரோட்டில் பழைய கடலை மில் கொட்டகை. வாசலில் ‘அந்திமந்தாரை சிறுவர் மன்றம்’ என்று போர்டு. உள்ளே ஞானமணி டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

“பராமரிப்புல எத்தன வருஷம் அனுபவம்ணே?”

“முப்பத்து நாலு.”

“ஒரு நாளைக்கு எத்தன பேரு வருவாங்க?”

“நாப்பத்தெட்டு வரும். தீபாவளி, பொங்கல்னா எழுபது.”

டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “ஒத்த ஆளாவா?”

“ரெண்டு ஹெல்பர் உண்டு.”

“அழுதா என்ன செய்வீங்க?”

“சிலது கத்தத்தான் செய்யும் டீச்சர். எந்த எடத்துல சத்தம் வருதுன்னு காத வச்சுக் கேக்கணும். அங்கிட்டுக் கொஞ்சம் எண்ணெயத் தடவுனா அடங்கிரும்.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பொறுமைசாலியைப் பார்த்ததே இல்லை என்றார். நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன், அதனால் மறுக்கவில்லை.

மறுநாள் இருபத்து மூன்று பிள்ளைகள் பையோடு வந்து நின்றபோதுதான் வண்டி எதுவும் வராது என்று புரிந்தது. எல்லாம் முந்திரி உடைக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஆத்தாக்காரி வந்து சேரும் வரை இங்கேதான். மன்றத்தின் அனுமதி இன்னும் ரெண்டு மாசத்தில் முடிகிறது என்றும், மாவட்ட ஆபீஸிலிருந்து ஆள் வந்து தரம் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் நீட்டிப்பார்கள் என்றும் டீச்சர் சொன்னார். இல்லையென்றால் கொட்டகையை உரமூட்டை அடுக்கக் கேட்டு ஒருத்தர் காத்திருக்கிறார். பிள்ளைகள் ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

பராமரிப்பு என்று வந்துவிட்டால் பஸ் என்ன, பிள்ளை என்ன. வந்தவுடன் ஆளுக்கு ரெண்டு டம்ளர் தண்ணீர், அது ரேடியேட்டருக்கு. செருப்பைத் திருப்பித் தேய்மானம் பார்ப்பேன். ‘ஆ’ சொல்லச் சொல்லி ஹாரன் பார்ப்பேன். தலைக்குத் தேங்காய் எண்ணெய். நிலவழகன் என்று ஒரு பயல், நடந்தால் கடகடவென்று சத்தம் வரும். நாலு வீடு தாண்டினால் மூச்சு வாங்குவான். டவுசர் பையைக் கவிழ்த்தேன். முந்திரிக்கொட்டை அறுபத்திரண்டு, ஒரு கதவுத் தாழ்ப்பாள், உயிரோடு ஒரு ஓணான். இறக்கி வைத்தேன். மறுநாள் அவன் ஓடி வந்த வேகத்தில் கறம்பக்குடி பஸ்ஸை ஓவர்டேக் பண்ணிவிட்டான். கண்டக்டர் படியில் தொங்கியபடி “ஏ, பாஸ் வச்சிருக்கியா?” என்று இவனைக் கேட்டாராம். இதற்கு அந்தக் கண்டக்டரே சாட்சி. அவர் இப்போது மாறுதலில் போய்விட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியம் புகார் நோட்டு. டிப்போவில் டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து விடும்போது கோளாறை நோட்டில் எழுதுவார். நாங்கள் சரி பார்த்து, பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புகார் முடியாமல் வண்டி வெளியே போகக் கூடாது. அந்த ரூலை அப்படியே இங்கே கொண்டுவந்தேன். ‘செருப்பு வார் அறுந்தது.’ தைத்தாச்சு. ‘பிராங்க்ளின் என்னைப் பன்னி என்றான்.’ வாபஸ் வாங்கியாச்சு. ‘பல் ஆடுது.’ விழுந்தாச்சு. ஒரு மாசம் வரைக்கும் ஒரு புகாரும் பாக்கி நிற்கவில்லை.

ஒரு புதன்கிழமை சுடர்விழி நோட்டை வாங்கினாள். மூணாம் வகுப்பு. பேச்சில் வக்கீலம்மா. ‘அப்பா கத்தாரிலிருந்து மூணு நாளாய்ப் போன் பண்ணவில்லை’ என்று எழுதி, கீழே கோடு போட்டு, என்னிடம் நீட்டினாள்.

நான் நம்பர் வாங்கி ஏழு தடவை அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். ஆறரைக்கு அவள் அம்மா சிவரஞ்சனி வந்து, பையை எடுடி என்றாள்.

“கெளம்ப முடியாதும்மா. புகார் முடியலை” என்றேன்.

“அவரு போன் தண்ணிக்குள்ள விழுந்திருச்சாம் பெரியப்பா. கூட இருக்கவரு போன்ல சொல்லிவிட்டாரு. வெள்ளிக்கெழம புதுசு வாங்கிப் பேசுறேன்னாரு.”

“அப்பன்னா வெள்ளிக்கெழம வரைக்கும் நான் இங்கதான்” என்றாள் சுடர்விழி.

“சோறு?”

“இங்க சுண்டல் இருக்குல்ல.”

“பெரியப்பா, நீங்களாச்சும் சொல்லுங்க!”

“நான் என்னம்மா சொல்றது? ரூலு.”

இதை மற்ற இருபத்திரண்டும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. அன்றைக்கு மாங்காய்ச் சுண்டல், பாதி ஆட்டத்தில் கேரம் போர்டு, டீச்சர் சொல்லிக்கொண்டிருந்த கதையில் ராணி கிணற்றுக்குள் இருக்கிறாள். யாருக்குப் போக மனசு வரும்? நோட்டு கை மாறியது. ‘எனக்கு வால் இல்லை’ என்றான் நிலவழகன். ‘நாளைக்கு வியாழக்கிழமையாய் இருக்கிறது’ என்றான் பிராங்க்ளின். ‘நிலாவுக்கு முதுகு தெரியவில்லை.’ ‘எனக்கு முன்னாடி அக்கா பிறந்துவிட்டாள்.’ எல்லாமே நியாயமான புகார். ஒன்றையாவது என்னால் சரி செய்ய முடியுமா?

வாசலில் பதினெட்டு தாய்மார், நாலு தகப்பன்மார், ஒரு மாமன். கம்பிக் கதவை ஆட்டுகிறார்கள். உள்ளே பிள்ளைகள் கேரம் ஆடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்கினார் ஆபீஸ் மேடம் மோகனப்ரியா. கையில் தரம் பார்க்கிற ஃபாரம், பன்னிரண்டு பக்கம்.

“என்ன இது, பிள்ளைங்கள அடைச்சா வச்சிருக்கீங்க?”

“இல்லங்க மேடம். கதவு தொறந்துதான் இருக்கு. இவங்க பதட்டத்துல உள்பக்கம் தள்ளுறதுக்குப் பதிலா வெளிப்பக்கம் இழுக்கிறாங்க.”

மேடம் தள்ளிப் பார்த்தார். திறந்துகொண்டது. பிள்ளைகள் யாரும் எழுந்திருக்கவில்லை. நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். படிக்கப் படிக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை.

“இப்ப இவங்க வீட்டுக்குப் போக என்னதான் வழி?”

“டிப்போல சாமான் இல்லன்னா மேல் அதிகாரி ‘உதிரிபாகம் கைவசம் இல்லை, ஓடத் தகுதி’ன்னு கையெழுத்துப் போட்டு விட்டுருவாரு. இங்க எனக்கு மேல அதிகாரி யாரும் இல்லைங்க. நீங்கதான்.”

மேடம் பேனாவைத் திறந்தார். வால், வியாழக்கிழமை, நிலாவின் முதுகு என்று இருபத்து மூன்று இடத்திலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுடர்விழியின் வரிக்கு வந்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, ‘வெள்ளி வரை’ என்று சேர்த்து எழுதினார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக, கையெழுத்தைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்பின. அப்பாவும் சொன்ன மாதிரி வெள்ளிக்கிழமை பேசிவிட்டார்.

பத்தாம் நாள் தபால் வந்தது. டீச்சர் கையில் வாங்கி நின்றபடியே படித்தார், படித்துவிட்டு உட்கார்ந்தார். ‘மேற்படி மன்றத்தில் பராமரிப்பின் தரம், குழந்தைகள் வீடு திரும்ப மறுக்கும் அளவுக்கு உள்ளது. படிவத்தில் இதற்கு இடமில்லை. பதினைந்து நாள்களுக்குள் தரத்தை உரிய அளவுக்குக் குறைக்க வேண்டும். தவறினால் அனுமதி நீட்டிக்கப்பட மாட்டாது.’

“கொறைச்சிருவோம் டீச்சர். ஏத்துறதுதான் கஷ்டம்” என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதல் நாள் சுண்டலில் உப்புப் போடவில்லை. இருபத்து மூன்று புகார். ரூல்படி அன்றைக்கே சரி செய்தாக வேண்டுமே? உப்புப் போட்டேன், போட்டதுதான் போட்டோம் என்று தேங்காயும் போட்டேன். மூன்றாம் நாள் கேரம் காய்களை ஒளித்து வைத்தோம். முந்திரிக்கொட்டையை வைத்து ஒரு ஆட்டம் கண்டுபிடித்தார்கள். அது அடுத்த வாரமே கொடும்பாளூர் வரை பரவி, மூவர் கோயில் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ரெண்டு பேர் தோற்றுப்போனார்கள். ஆறாம் நாள் டீச்சர் கதையைப் பாதியில் நிறுத்தி, “முடிவு கெடையாது, போங்க” என்றார். ஆளுக்கு ஒரு முடிவு எழுதிவந்து, இருபத்து மூன்றையும் நாடகமாகப் போட்டார்கள். பெற்றவர்கள் டிக்கெட் கேட்டார்கள்.

பதினோராம் நாள் டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நல்லா நடத்தத்தாண்ணே எனக்குத் தெரியுது. மோசமா நடத்த வரமாட்டேங்குது. என்ன படிச்சு என்ன?”

இதையும் சுடர்விழி கேட்டுவிட்டாள். நோட்டை எடுத்தாள். ‘மன்றம் ரொம்ப நல்லா இருக்கிறது. அதனால் மூடிவிடுவார்கள். சரி செய்யவும்.’

“பாப்பா, இத நான் எப்படிச் சரி பண்றது?”

“நீங்க ஒன்னும் பண்ண வேணாம் தாத்தா. நாங்க சலிச்சுப்போன மாதிரி இருந்தாப் போதும்ல?”

“இருப்பீங்களா?”

“பழகணும்.”

பாக்கி நாலு நாளும் ஐந்து மணிக்குச் சலிப்புப் பயிற்சி. கன்னத்தில் கை வைப்பது, சுவரைப் பார்ப்பது, “மணி என்ன?” என்று ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்பது. கொட்டாவிக்கு பிராங்க்ளின் பொறுப்பு. அவன் விட்ட முதல் கொட்டாவியில் கொட்டகைப் பல்லி மூன்றும் கொட்டாவி விட்டன. ரெண்டாவதுக்கு ரோட்டில் போன ஆட்டு மந்தை படுத்துவிட்டது. மேய்த்தவர் வந்து சண்டை போட்டார். சண்டையிலேயே கொட்டாவி வந்து பாதியில் போய்விட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவ்வளவு சந்தோஷமாகச் சலித்துக்கொள்கிறார்களே, இதுவும் தரத்தில் சேர்ந்துவிடுமோ என்று டீச்சர் தபாலை எடுத்து மறுபடி படித்தார்.

பதினைந்தாம் நாள் மேடம் வந்தார். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. சுண்டலைப் பார்த்து “இதானா?” என்றார்கள். நிலவழகன் காலை இழுத்து இழுத்து நடந்தான். ஆறரைக்கு மணி அடித்ததும் இருபத்து மூன்று பேரும் பையை எடுத்து, மாவட்டத்திலேயே ரொம்பச் சோர்ந்துபோன முகங்களோடு வரிசையாக வீட்டுக்குப் போனார்கள். மேடம் வாயைப் பொத்திக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு ஃபாரத்தில் எழுதினார். ‘தரம் கண்கூடாகக் குறைந்துள்ளது. திருப்தி.’

பிறகு டீச்சரைப் பார்த்து, “ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்கள்ல?” என்று கேட்டார்.

“ரொம்பங்க” என்றார் டீச்சர்.

அனுமதி மூன்று வருஷத்துக்கு வந்தது. கூடவே ஒரு கடிதம்: குறுகிய காலத்தில் தரத்தைக் குறைத்துக் காட்டியது முன்மாதிரியாக இருப்பதால், மாவட்டத்தின் மற்ற மன்றங்களை நடத்துவோருக்கு டீச்சர் புதுக்கோட்டையில் வந்து வகுப்பு எடுக்க வேண்டும்.

சேலை மாற்றிக்கொண்டு காலை எட்டு மணி பஸ்ஸில் போனார். முழு நாள் வகுப்பு என்று போட்டிருந்தது. ரெண்டு மணிக்கே, நான் சுண்டலுக்குக் கடலையை வேகப் போட்டிருந்தபோது, கொட்டகை வாசலில் இறங்கினார்.

“என்ன டீச்சர், அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

“எடுக்கவே இல்லண்ணே. பேசிப் பாத்தேன். அவங்களுக்கெல்லாம் அது ஏற்கெனவே நல்லாத் தெரியுது.”

சொல்லிவிட்டு, கொண்டைக்கடலை வெந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனார்.