பதினொன்றாம் பக்கத்து எச்சரிக்கை

திருவொற்றியூரில் உள்ள அந்தக் கண்டெய்னர் யார்டின் பாதுகாப்புக் கையேடு யார் மனதையும் கலங்கடிக்கக் கூடாது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது, சமோசாவுடன். யார் மனதை என்று ஒருவரும் கேட்கவில்லை. தணிக்கைக்கு வருகிறவர்கள் மனதைத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதன்படி பதினொன்றாம் பக்கத்திலிருந்து ஒரு வாக்கியம் போக வேண்டும்: ‘மழை பெய்தால் நான்காம் வரிசைத் தரை இறங்கும், அங்கே இரண்டு பெட்டிக்கு மேல் அடுக்காதே.’ நம் குறையை நாமே அச்சடித்து நீட்டுவதா என்று பொது மேலாளர் நெல்சன் கேட்டார். தரையைச் சரிசெய்வது பற்றி அடுத்த வருடம் யோசிக்கலாமாம்.

ஆவணப் பிரிவில் இரண்டே பேர். தலைமை, ராயபுரத்து ஜானட். பதினெட்டு வருட நிரந்தர ஊழியர். அவருக்குக் கீழே வியாசர்பாடி செங்கொடி, ஒப்பந்தத்தில் இருப்பவள். வாக்கியத்தை எடுக்கும்படி ஜானட் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் செங்கொடி “சரிக்கா” என்றாள். இரண்டு முறையும் அச்சாகி வந்த கையேட்டில் வாக்கியம் இருந்தது. இரண்டாம் முறை எழுத்து தடித்திருந்தது.

செங்கொடிக்கு மெமோ கொடுக்கச் சொல்லிவிட்டார் நெல்சன், வெள்ளிக்கிழமைக்குள். மெமோ ஏறினால் ஒப்பந்தம் நீளாது.

“இன்னா நினைச்சுகினு கீற நீ?” என்றார் ஜானட்.

“நான் ஒண்ணும் புச்சா எயுதலக்கா. கீறதத்தான் வுட்டேன்.”

“அத்த எடுக்கச் சொன்னாங்கல்ல?”

“எடுக்கத்தான் போனேன். மெயின் கேட்டாண்ட பாரியண்ணன் கால்ல கம்பியோட குந்திகினு டோக்கன் குடுத்துகினு கீது. அத்தத் தாண்டித்தான டெய்லி உள்ள வர்றேன்.”

போன ஐப்பசியில் நான்காம் வரிசையில் மூன்றாவது பெட்டி சரிந்தபோது கீழே நின்று கால் முறிந்தவன் பாரி. மறு வாரமே அந்த வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னவர் இதே நெல்சன்தான். அப்போது தணிக்கை தூரத்தில் இருந்தது.

“வேல பூட்ச்சின்னா இன்னா பண்ணுவ?”

செங்கொடி விசைப்பலகையைத் துடைத்தாள். “எம் பொண்ணு மகிழினி பத்தாவது போறா,” என்றாள்.

ஜானட் மெமோ படிவத்தை எடுத்தார். பெயர், பதவி, பிரிவு எல்லாம் நிரம்பின. ‘மீறப்பட்ட உத்தரவின் எண், தேதி’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. அந்த அலுவலகத்தில் பெருமையான முடிவுகள் புகைப்படத்தோடு மின்னஞ்சலில் வரும். சங்கடமான முடிவுகள் வாய்வழியாக வரும், பெரும்பாலும் மாடிப்படியில். கட்டத்தை நிரப்பாமல் எந்தப் படிவத்தையும் அனுப்பிப் பழக்கமில்லாத ஜானட், நெல்சன் அறைக்குப் போனார்.

“இந்தக் கட்டம் மட்டும் காலியா இருக்கு சார்.”

“அதான் சொன்னேனே ஜானட்.”

“சொன்னீங்க சார். இதுல எழுத்துல கேக்குது. நாலாம் வரிசை எச்சரிக்கையை எடுக்கணும்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா இப்பவே அனுப்பிடுறேன்.”

நெல்சன் பேனாவைத் திறந்தார். ‘நான்காம் வரிசை’ என்று எழுதினார். அதற்குப் பிறகு வர வேண்டிய சொற்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார் போலும், நெற்றி வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“எனக்கும் மேலேர்ந்து போன்லதாம்மா சொன்னாங்க,” என்றார். அந்தக் குரலில் பொது மேலாளர் இல்லை. இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகும் ஒரு மனிதர் இருந்தார்.

“அவங்ககிட்ட எழுத்துல கேட்டுப் பாருங்க சார்.”

அவர் கேட்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“மெமோ இப்ப வேணாம்.”

“கையேடு சார்?”

“அது உங்க டிபார்ட்மென்ட். எழுத்தை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்லுங்க.”

ஜானட் திரும்பி வந்து செங்கொடியின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தடித்த எழுத்தைச் சாதாரணமாக்கினார். வாக்கியத்தைத் தொடவில்லை. பிறகு ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் செங்கொடியின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தார்.

“இன்னாக்கா, உம் பேரப் போடுற?”

“என்னிய தூக்கணும்னா அவுங்க நெறய எயுதணும்,” என்றார் ஜானட். “நீ போய் பிரிண்டு எடு.”