பக்கத்து இருக்கையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மலேசியாவில் ஷா ஆலாம் ஸ்டேடியத்தை இடிக்க ஆரம்பித்திருந்த சமயம். பிரிக்பீல்ட்ஸில் எனக்கு மேல்மாடியில் இருக்கும் உஷாராணி அக்கா லிப்டில் வைத்துக் கேட்டார்: "தம்பி, நீங்க எழுதுறவருதானே? இடிக்கிற ஸ்டேடியத்துலேருந்து எனக்கு ஒரு நாற்காலி வேணும்."

எழுதுகிறவனிடம் போய் நாற்காலி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'எண்பதாயிரம் பேர் அமரக்கூடிய அந்த மாபெரும் விளையாட்டரங்கம் 1994ஆம் ஆண்டு...'

(வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை வாடை அடிக்கிறது.)

அக்காவின் கணவர் ராதாகிருஷ்ணன் சிலாங்கூர் கால்பந்து அணி அங்கே ஆடுகிற ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. அக்கா ஒருநாளும் கூடப் போனதில்லை. "அந்தக் கத்தல் என் மண்டைக்கு ஆகாது லா. அடுத்த மேட்சுக்கு வரேன், அடுத்த மேட்சுக்கு வரேன்னே ஓட்டிட்டேன்."

அவர் இறந்து, கருமக்கிரியை அன்றுதான் பரமேஸ்வரன் வாயைத் திறந்தார். ராதாகிருஷ்ணனோடு ஸ்டேடியத்துக்குப் போய்வந்த கூட்டாளி. மனுஷன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கத்து இருக்கையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிடுவாராம். சாப்பாட்டுக் கடையில் நாம் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடிக்கிறோமே, அதே மாதிரி. யாராவது உட்கார வந்தால், "ஆளு இருக்கு, வீட்டுக்காரம்மா வராங்க" என்பாராம்.

பதினேழு வருஷம் இப்படி நடந்தது என்று எழுதினேன். (அக்கா வரைவைப் படித்துவிட்டு இருபத்திரண்டு என்று திருத்தினார். நான் எழுதுகிற ஒவ்வொரு பகுதியையும் உடனே வாங்கிப் படித்துவிடுவார்.)

அக்காவுக்கு வேண்டியது அந்த இருக்கைதான். இருபத்திரண்டு வருஷம் அவருக்காகக் காலியாகவே இருந்தது.

3

இங்கே நான் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். ராதாகிருஷ்ணனின் கடைசி டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். வரிசை, எண் எல்லாம் தெளிவாக இருந்தது. அவருக்கு 41 என்றால் அக்காவுக்கு 42. இடிப்பு வேலையில் லோரி ஓட்டிய என் மச்சான் வேலாயுதம், மேஸ்திரியிடம் கேட்டு 42ஐக் கழற்றிக்கொண்டு வந்தான்.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினார். வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக். ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தார். உட்காரவில்லை. "மேட்ச் இருக்கிற அன்னிக்கு உக்கார்றேன் தம்பி." கதை முடிந்தது என்று நினைத்தேன்.

4

பரமேஸ்வரனிடம் வரைவைக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"டிக்கெட் நம்பர் பார்த்து யாரு லா உக்காந்தா? காலியா இருக்கிற இடத்துல உக்கார்றதுதான். ராதா எப்பவும் ரொம்பக் கீழே, வாசலை ஒட்டி உக்காருவான். அவ வந்தா படியேறக் கஷ்டப்படக் கூடாதுன்னு."

ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ஸ்டேடியம் போனவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? உண்மையான இருக்கை எந்தக் குப்பைமேட்டில் நொறுங்கிக் கிடக்கிறதோ. அக்கா வீட்டில் இருப்பது யாரோ ஒருவர் உட்கார்ந்தது.

5

முடிவு அ: நான் சொல்லவில்லை. அக்கா நிம்மதியாக இருக்கிறார். ஆனால் தான் படியேறக் கூடாதென்று ஒருவர் இருபத்திரண்டு வருஷம் கீழேயே உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாமலே போகும்.

முடிவு ஆ: சொல்கிறேன். நாற்காலி வெறும் பிளாஸ்டிக் ஆகிறது. அக்காவின் முகம் அப்போது

(இதை என்னால் எழுத முடியவில்லை.)

6

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான்காம் பகுதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடியேறினேன். கதவு திறந்தே இருந்தது. டிவியில் சிலாங்கூர் ஆட்டம். அக்கா 42இல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சமையலறை ஸ்டூல், அதன்மேல் டிஷ்யூ பாக்கெட். நான் அதை எடுத்துவிட்டு உட்காரப் போனேன்.

"அங்க ஆளு இருக்கு தம்பி," என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "நாலாவது பகுதி எங்கே? கொண்டாந்தீங்களா?"

என் கை சட்டைப்பையில் இருக்கிறது. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், நீங்களே சொல்லுங்கள். கொடுக்கவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள். அக்கா கையை நீட்டிவிட்டார்.