படகுக் கக்கூஸுக்கு ஒரு புதுத் தொட்டி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒரு கக்கூஸ் தொட்டியிலிருந்து கிடைத்தது. மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நான் பார்த்தபோது அதைக் கழுவித்தான் வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டுக் கேட்டின் கொண்டி உடைந்துபோய், அதை ஒட்டவைக்க ஏனாத்தூர் சாலையில் இருக்கும் யேசுதாஸின் வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன். காலேஜ் ஹாஸ்டல் கட்டில்களுக்கு நடுவில் ஒரு ஸ்டீல் தொட்டி கிடந்தது. ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் சரிவாக, எந்த வீட்டிலும் எந்த மூலையிலும் உட்காராத ஒரு கோணல் வடிவம். அடியில் பொடிப்பொடியாக ஓட்டை.

"இன்னா யேசுதாஸு இது, சாயக் கொப்பரையா?"

"அத்தத் தொடாதீங்க சார். படகு கக்கூஸ் டேங்க்கு அது."

"காஞ்சிபுரத்துல ஏதுப்பா படகு?"

"நானும் இதையேதான் கேட்டேன். ஓரிக்கையில கீது, போய்ப் பாருங்க."

கொண்டி ஆறுகிற வரைக்கும் யேசுதாஸ் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது கொஞ்சம், மீதியை நான் பார்த்துக்கொண்டேன். எது அவருடையது, எது என்னுடையது என்று கேட்காதீர்கள். கொண்டி மட்டும் சத்தியமாக என்னுடையது.

2

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பாலாற்றில் தண்ணீர் இல்லாத ஒரு கோடையில், கரையோரமாக ஒரு பாய்மரப் படகு"

வேண்டாம். வறண்ட ஆறு, பக்கத்தில் படகு என்றால் போதும், யாராவது மைக்கைப் பிடித்துக் குறியீடு என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஐயா சாமி, அது படகு. இரும்புக் கால்கள் மேல் ஒரு வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. அவ்வளவுதான்.

"கலியாணசுந்தரத்துக்குக் கடல் என்றால்"

இதையும் விட்டேன். கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கரையில் நின்று கால் நனைத்ததோடு சரி. தவிர, இப்படி ஆரம்பித்தால் அவர் கதாநாயகன் ஆகிவிடுவார். அதற்குள் வேறொருத்தி ஏணியில் ஏறிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை காலையில் கலாவதி ஆசிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு படகின் ஏணியில் ஏறினாள்."

இது இருக்கட்டும்.

3

வெள்ளிக்கிழமை காலையில் கலாவதி ஆசிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு படகின் ஏணியில் ஏறினாள். வீட்டுக் கக்கூஸைக் கழுவிய கையோடு படகுக் கக்கூஸையும் கழுவிவிடுவாள். புருஷன் கலியாணசுந்தரம் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருப்பார்.

அவருக்குக் கப்பலில் இஞ்சின் வேலை, முப்பது வருஷம். வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போவார். பெண்ணைப் பெற்றது, வளர்த்தது, மாப்பிள்ளை பார்த்தது, மாமனாரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தது எல்லாம் கலாவதி. ஒருவழியாக ஓய்வு பெற்று வந்தார். வந்த கொஞ்ச நாளில் சென்னையில் யாரோ விற்ற பழைய பாய்மரப் படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து கொல்லையில் இறக்கினார். ரிப்பேர் பார்த்துக் கடலில் விடப்போகிறாராம். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

"முப்பது வருஷம் கடலுக்குப் போனீங்க. இப்ப கடலையே கொண்டாந்து கொல்லையில நிறுத்திட்டீங்களா?" என்றாள் கலாவதி.

"நீயும் வாயேன் கலா. ரெண்டு பேரும் போலாம்."

"எனக்கு பஸ்ஸுல போனாலே வாந்தி வரும். தெரியாதா உங்களுக்கு?"

அவருக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாமல் விழித்த அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரத்தில்தான், கட்டிலில் தூக்கம் பிடிக்கவில்லை, குறுகலான படுக்கைதான் பழக்கம் என்று சொல்லிவிட்டு அவர் படகில் போய்ப் படுத்தார். அப்புறம் அங்கேயே. சாப்பாட்டுக்கு மட்டும் இறங்கி வருவார், மெஸ்ஸுக்கு வருகிற மாதிரி. படகுக்குள்ளேயே சின்னதாக ஒரு கக்கூஸ் இருந்தது. கையால் பம்ப் அடித்தால் எல்லாம் கீழே இருக்கிற தொட்டிக்குப் போய்விடும். நிரம்பினால் குழாய் மாட்டி வீட்டு செப்டிக் டேங்கில் விட்டுவிடுவார். ராத்திரியில் வீட்டுக்குள் வர அவருக்கு மிச்சமிருந்த ஒரே காரணத்தையும் அந்தத் தொட்டி பிடுங்கிக்கொண்டது.

கலாவதிக்கு அவர் வீட்டுக்குள் வர வேண்டும். இதை நான் சுற்றி வளைக்கப்போவதில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவளுக்கு அந்த மனுஷன் வேண்டும். ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாகப் படுத்து எழுந்தது போதும் என்று இருந்தது அவளுக்கு.

[பாய்மரத்தைக் கழற்றி இரண்டு முக்காலி மேல் படுக்கவைத்திருந்தார். கலாவதி அதில் புடவை காயப்போடுவாள். அவர் ஒன்றும் சொல்வதில்லை. கதைக்கு இது தேவையில்லைதான். விட மனசு வரவில்லை.]

4

ஒரு நாள் தொட்டி ஒழுக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு ரேவதி மதில் மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, எலி கிலி செத்துக் கெடக்குதா?" என்று கேட்டாள்.

"பெரிய எலிம்மா" என்றாள் கலாவதி.

வேறு வழியில்லாமல் கலியாணசுந்தரம் தலையணையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். ஹாலில் பாய் போட்டுப் படுத்தார். மறுநாள் காலையில் கலாவதி வெங்காய சாம்பார் வைத்தாள். அவர் அதைச் சாப்பிட்டுவிட்டு, "புது டேங்க் செய்யச் சொல்லிட்டா, பழையபடி மேல போயிடலாம்" என்றார். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி கிண்ணத்தில் போய் விழுந்தது.

யேசுதாஸ் வந்தார். இந்த இடத்தில் நான் எழுதியது இது: "யேசுதாஸ் படகுக்குள் இறங்கி, முகம் சுளிக்காமல் தொட்டியைக் கழற்றி, வெளியே கொண்டுவந்து கழுவி"

இதை அடித்தது யேசுதாஸ். பட்டறையில் போய் வாசித்துக் காட்டினேன், கேட்டுக்கொண்டே இருந்தவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார்.

"யார் சார் கழுவுனது?"

"நீதாம்ப்பா."

"நான் எங்க கழுவுனேன்? பட்டறை வச்சிக்கினு உக்காந்திருக்கறவன் அத்த ஏன் சார் கழுவுறேன்? கக்கூஸுன்னு வந்ததும் உங்க கை நேரா என்னாண்ட வந்துடுச்சி பாத்தீங்களா? யோசிச்சு எழுதினீங்களா, தானா வந்துச்சா?"

தானாகத்தான் வந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். "மாத்துங்க" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார். மாற்றிவிட்டேன்.

யேசுதாஸ் கொல்லையில் கை கட்டிக்கொண்டு நின்றார். "சார், கழட்டிக் கழுவிக் காயவச்சிக் குடுங்க. அளவெடுத்துக்கினு, மாதிரிக்கு அத்தயும் தூக்கினு போறேன். அழுக்கோட தொட மாட்டேன்."

"யாராவது ஆளைப் பாக்கறேன்" என்றார் கலியாணசுந்தரம்.

சமையல்கட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கலாவதி தலையைத் தூக்கினாள். "ஆளு எதுக்குங்க? உள்ள இருக்கறது உங்களுதுதான?"

யேசுதாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாமரத்தைப் பார்த்தாராம்.

5

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கலியாணசுந்தரமே இறங்கினார். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தொட்டியைக் கழற்றி, இழுத்து, கொல்லைக்கு உருட்டிக்கொண்டு வந்தார். ஹோஸ் பிடித்து, பிரஷ் போட்டு, மறுபடி ஹோஸ் பிடித்துக் கழுவினார். கலாவதி கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். அன்றைக்குக் கீரைத் தண்டைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

கடைசியில் டார்ச் அடித்துத் தொட்டிக்குள் பார்த்தார். இஞ்சினோடு குடும்பம் நடத்தியவர், துரு அவருக்குப் புதுசா? உப்புத் தண்ணீர் இப்படி அரிக்காது. தவிர, ஓரிக்கைக்கு வந்ததிலிருந்து இந்தப் படகுக்குள் உப்புத் தண்ணீர் போனதே இல்லை. மேலிருந்து ஊற்றுவது எங்கே வந்து விழுமோ, அதற்கு நேர் கீழேதான் அத்தனை ஓட்டையும்.

"கலா, மேல வந்து எதுனா ஊத்துனியா?"

"கழுவினேன்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை."

"எதுல?"

"ஊர்ல கக்கூஸை எதுல கழுவுறாங்க? ஆசிட்லதான்."

"நான் கழுவச் சொல்லவே இல்லியே."

"நீங்க சொல்லல. கழுவாமலே எப்படி இத்தினி நாளா பளபளன்னு இருக்குதுன்னு கேக்கவும் இல்ல."

அவர் ஹோஸைக் கீழே போட்டார். தண்ணீர் பாட்டுக்கு ஓடி மாமரத்தடியில் தேங்கியது. குழாயை மூட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. யேசுதாஸ்தான் போய் மூடினார்.

6

இப்போது என் சந்தேகம். கலாவதி தெரிந்து ஊற்றினாளா, தெரியாமல் ஊற்றினாளா?

அவள் பிறந்தது பிள்ளையார்பாளையத்தில், பட்டுக்குச் சாயம் போடுகிற வீட்டில். அவள் பாவாடை கட்டிய வயதில், வேலைக்குப் புதிதாக வந்த ஒருவன் ஸ்டீல் கொப்பரையைக் கக்கூஸ் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டான். கொஞ்ச நாளில் அடியெல்லாம் ஊசிக்கண் மாதிரி ஓட்டை விழுந்து, கல்யாணப் புடவைக்குக் கலந்த அரக்குச் சாயம் வாசல் வரைக்கும் ஓடியது. அவளுடைய அப்பா போட்ட கூச்சல் அடுத்த தெருவுக்குக் கேட்டதாம். இதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு எந்த ஆசிடை எந்தப் பாத்திரம் தாங்கும் என்று தெரியாமல் இருக்குமா?

சரி, கெடுக்கத்தான் ஏறினாள் என்றே வையுங்கள். கெடுக்க வந்தவள் ஊற்றிவிட்டு இறங்கிப் போக வேண்டியதுதானே? இடுப்பு வலிக்கக் குனிந்து தேய்ப்பானேன்? தரையைத் துடைப்பானேன்? அவர் போட்டது போட்டபடி விட்டுப்போன போர்வையை மடித்து வைப்பானேன்?

"தெரிந்தேதான் ஊற்றினாள்" என்று எழுதினேன். போர்வை நினைவுக்கு வந்தது, அடித்துவிட்டேன். "பாவம், தெரியாமல்" என்று எழுதினேன். கலாவதி என்னை ஒரு முறை முறைத்தாள். பாவமாம்.

கேட்டுவிடலாம் என்று கேட்டேன். "சொல்லும்மா, தெரிஞ்சா, தெரியாமலா?"

"நீ யாருய்யா நடுவுல? கேக்க வேண்டியவரு கேக்கட்டும், சொல்றேன்."

கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

7

யேசுதாஸ் அளவெடுத்து முடித்தார். "சார், பழைய மாதிரி ஸ்டீல்லயே செஞ்சிடட்டா? இல்ல பிளாஸ்டிக்ல போட்டுக்கலாமா? பிளாஸ்டிக்குன்னா ஆசிடு ஒண்ணும் பண்ணாது. உங்க ஆயுசுக்கும் வரும்."

கலாவதியின் கை கீரையில் நின்றது. பிளாஸ்டிக் என்றால் முடிந்தது. அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவார், ஆயுசுக்கும்.

முடிவு அ: "பிளாஸ்டிக்" என்றார் கலியாணசுந்தரம். நடக்கக்கூடியதுதான். விவரம் தெரிந்த எந்த மெக்கானிக்கும் இதைத்தான் சொல்வான். எழுதிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு ஆ: "டேங்க்கே வேணாம்ப்பா, நான் வீட்லயே இருந்துக்கிறேன்" என்று தழுதழுத்தார். பின்னணி இசை. இது சாயங்கால சீரியல். முப்பது வருஷப் பழக்கம் ஒரு ஹோஸ் தண்ணீரில் போய்விடுமா? ஆளை விடுங்கள்.

யேசுதாஸ் சொன்னது இப்படி. கலியாணசுந்தரம் சார் தொட்டியைப் பார்த்தார். பிறகு திரும்பி, சமையல்கட்டு வாசலைப் பார்த்தார்.

"ஸ்டீல்லயே செய்" என்றார்.

"சார், திரும்ப ஆசிடு பட்டுதுன்னா..."

"தெரியும்பா. ஸ்டீல்லயே செய்."

கலாவதி தலையைக் குனிந்துகொண்டாள். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, வந்ததை வெங்காயத்தின் மேல் போடலாம் என்றால் அன்றைக்கு வெங்காயமும் இல்லை.

8

புதுத் தொட்டி வந்து மாட்டியாயிற்று. கலியாணசுந்தரம் மேலே ஏறிவிட்டார். ஆமாம், ஏறிவிட்டார். நான் என்ன செய்யட்டும்?

வெள்ளிக்கிழமை வந்தது. கலாவதி வீட்டுக் கக்கூஸைக் கழுவி முடித்து, பாட்டிலோடு கொல்லைக்கு வந்தாள். டீக்கடைக்குப் போயிருக்க வேண்டிய மனுஷன் ஏணிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். பாட்டிலைப் பார்த்தார். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆடுது. பாத்து ஏறு."

அவள் ஒரு காலை முதல் படியில் வைத்தாள்.

"கலா" என்றார். "பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்தாலும் வாந்தி வருமா?"

இந்த முப்பது வருஷத்தில் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. ஒரு கால் தரையில், ஒரு கால் ஏணியில், கையில் மூடி திறக்காத பாட்டிலோடு அவள் நிற்கிறாள்.

ஏறினாளா, இறங்கினாளா, என்ன சொன்னாள் என்று எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்துவிட்டேன். கேட்க வேண்டியவர் கேட்டால் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாள். கேள்வி வேறாக இருந்தாலும், அவர் கேட்டுவிட்டார். இனி நாம் இங்கே நிற்பது நன்றாக இருக்காது, வாருங்கள். பதில் தெரியாமல் தூக்கம் வராது என்றால் வீட்டுக்குப் போய் நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது கேட்டை மெதுவாகச் சாத்துங்கள். இவர்கள் வீட்டுக் கொண்டியும் யேசுதாஸ் போட்டதுதான், சத்தம் போடும்.