மாத்திரை நின்ற பன்னிரண்டாம் நாள்

“அப்பா மாத்திரய எடுத்துக் குடுண்ணா.”

அதை மட்டும் அண்ணனிடம் கேட்டுவிடாதே என்று அம்மா ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். ஆரோக்கிய செல்வி கேட்டுவிட்டாள். சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்திருந்த டேவிட் ராஜ் ஓங்கி அறைந்தான். அவள் காதுக்குள் விசில் அடித்தது.

“இன்னாடி, பேய்க்குத் தீனி போடச் சொல்றியா?”

கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த அப்பா இன்னாசிக்கு இரண்டு வருடமாகக் கை நடுக்கம், உடம்பு விறைப்பு. ஆஸ்பத்திரி மாத்திரையில்தான் நடமாடினார். போன மாதம் டோஸ் கூட்டினார்கள். விழுங்கிய ஒரு மணி நேரத்தில் கழுத்தும் தோளும் தாமாக நெளிந்தன. ஜெபக்கூட்டத்து அக்கா பார்த்துவிட்டு, மாத்திரைதான் பிசாசைக் கூப்பிடுகிறது என்றாள். அன்றே அட்டையைப் பிடுங்கி ஒளித்தான் டேவிட். நெளிவு நின்றது. கூடவே நடையும் செத்தது. ஆடுகிற பேய் போய் ஊமைப் பேய் வந்துவிட்டதாம். பன்னிரண்டு நாளாக வேப்ப மிளாரால் விளாசல்.

“மூளையில டோபமின் வத்திப்போச்சுன்னா, நடன்னு காலுக்குச் சொல்ல ஆளில்லண்ணா. மாத்திர ஜாஸ்தியானா நெளியும். அதுக்கு டோஸக் கொறைக்கணும். ஒரேடியா நிறுத்துனா செத்துருவாரு.”

“பி.எஸ்சி. பாடம் நடத்துது பாரு.”

சுவரைப் பிடித்தபடி வந்த இன்னாசி வாசற்படியில் நின்றுபோனார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது.

“நடிக்கிறியா? தாண்டுடா!” முழங்காலுக்குப் பின்னால் உதைத்தான். கையை ஊன்றக்கூட முடியாமல் மரம்போல் விழுந்தார். உதடு கிழிந்தது. முகத்தில் ஒரு தசை அசையவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கியது.

செல்வி கரும்புக் கத்தியை எடுத்தாள். முதுகுப் பக்கமாகத் திருப்பிப் பிடித்து, அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது.

“இன்னொரு தபா கால் தூக்குனா வெட்டுவாய் பக்கம் எறங்கும். எங்கடா வச்சிருக்க?”

அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டான். ரோஸ்லின்தான் வாய் திறந்தாள். “வண்டி டப்பால இருக்குதுடி.”

பைக் டப்பாவை நெம்பி உடைத்தாள். அட்டை இருந்தது. இப்போது எவ்வளவு கொடுப்பது என்று டாக்டர் சொல்லட்டும். கிளம்பிவிடுவது என்று தன் படிப்பு சர்டிபிகேட்டும் அப்பாவின் ஆதாரும் காலையிலிருந்தே அவள் தோள்பையில் இருந்தன.

அப்பாவைத் தூக்கி நிறுத்தி, வேலியோரம் கிடந்த கரும்பில் ஒன்றைக் குறுக்கே போட்டாள். ஆஸ்பத்திரியில் இப்படித்தான் தரையில் கோடு போட்டு நடக்கவைத்தார்கள்.

“இத்தத் தாண்டுப்பா.”

கால் எழும்பியது. தாண்டினார்.

“போனா இந்த வூட்டுப் பக்கம் தலகாட்டாதடி!”

டேவிட் கத்தியதற்கு அவள் திரும்பவில்லை. தாண்டிய கரும்பைக் காலால் முன்னுக்குத் தள்ளினாள். ரத்தம் சொட்டிய வாயோடு இன்னாசி அடுத்த காலைத் தூக்கினார். ரோட்டில் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் வில்லியனூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.